ஈ.சி.ஜி-யில் கோடு உயர்ந்தாலே மாரடைப்பா? நார்மல் என்று வந்தால் நிம்மதியா?

ராத்திரி 11 மணி. பெங்களூரில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு சின்ன ஆஸ்பத்திரி. சாப்பிட்டதிலிருந்தே நெஞ்சில் ஒரு அழுத்தம். 'கேஸாத்தான் இருக்கும்' என்று நீங்களே முடிவு செய்து ஒரு மாத்திரையும் போட்டுப் பார்த்துவிட்டீர்கள். சரியாகவில்லை, வந்துவிட்டீர்கள். நர்ஸ் பத்து ஒயர்களை மாட்டி ஈ.சி.ஜி எடுக்கிறார். தாளின் மேல் மூலையில் மெஷினே ஆங்கிலத்தில் ஒரு வரி அடித்துத் தருகிறது: மாரடைப்பாக இருக்கலாம். டியூட்டி டாக்டர் தாளைப் பார்க்கிறார், உங்களைப் பார்க்கிறார், மறுபடி தாளைப் பார்க்கிறார். பிறகு கேட்கிறார்: "பழைய ஈ.சி.ஜி ஏதாவது இருக்கா?"

மெஷினே சொல்லிவிட்டதே, இன்னும் என்ன கேள்வி என்று உங்களுக்குத் தோன்றும். மெஷின் சொல்வது பாதிக் கதைதான். மாரடைப்பில் உயர்கிற அதே கோடு, மாரடைப்பே இல்லாத பல நிலைகளிலும் உயரும். அதேபோல, உண்மையான மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே முதல் ஈ.சி.ஜி சாதாரணமாக வரவும் வாய்ப்பு உண்டு. இரண்டு பக்கம் தவறினாலும் உயிர் போகலாம். டாக்டர்கள் அந்தத் தாளை எப்படிப் படித்து இரண்டையும் பிரிக்கிறார்கள் என்று பார்ப்போம். உங்கள் ஈ.சி.ஜி-யை நீங்களே படித்து முடிவெடுப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த ராத்திரியில் எதிரில் நிற்கிற டாக்டர் ஏன் அப்படிக் கேட்கிறார், ஏன் அப்படிச் செய்கிறார் என்று உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக.

தாளில் என்னதான் இருக்கிறது?

இதயம் ஒவ்வொரு முறை துடிப்பதற்கும் முன்னால் அதன் தசை வழியாக ஒரு மின் அலை ஓடுகிறது. தோலில் ஒட்டிய மின்முனைகள் அதைப் பிடித்துக் கோடாக வரைகின்றன. நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன் இதற்கான கருவியை உருவாக்கினார். அந்தக் காலத்தில் நோயாளி கைகளையும் ஒரு காலையும் உப்புத்தண்ணீர் வாளிக்குள் விட்டு உட்கார வேண்டும்! கோட்டின் ஏற்ற இறக்கங்களுக்கு பி, கியூ, ஆர், எஸ், டி என்று பெயர் வைத்தவரும் அவர்தான். 1924-ல் நோபல் பரிசு பெற்றார்.

இன்றைக்குப் பத்து மின்முனைகள், பன்னிரண்டு 'லீட்'. லீட் என்றால் ஒரு பார்வைக் கோணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இதயத்தைப் பன்னிரண்டு பக்கத்திலிருந்து கேமரா வைத்துப் பார்ப்பது மாதிரி. லீட் 2, 3, ஏவிஎஃப் மூன்றும் இதயத்தின் அடிப்பக்கத்தைப் பார்க்கின்றன. வி1 முதல் வி4 வரை முன்பக்கம். லீட் 1, ஏவிஎல், வி5, வி6 இடது பக்கவாட்டு. இந்த வரைபடம் ஞாபகத்தில் இருந்தால் போதும், மற்றதெல்லாம் இதிலிருந்தே வரும்.

டாக்டரின் கண் முதலில் போவது எஸ் அலைக்கும் டி அலைக்கும் நடுவில் இருக்கிற 'எஸ்டி' பகுதிக்கு. ஆரோக்கியமான இதயத்தில் அந்த நேரத்தில் தசை முழுவதும் ஏறக்குறைய ஒரே மின்நிலையில் இருக்கும், அதனால் கோடு தட்டையாகப் போகும். ஒரு ரத்தக்குழாய் முழுவதும் அடைத்து, ஒரு பகுதித் தசைக்கு மட்டும் ரத்தம் போகாவிட்டால், அந்தப் பகுதியின் மின்நிலை மற்றதிலிருந்து விலகும். அந்தப் பகுதியைப் பார்க்கும் லீட்களில் கோடு மேலே எழும்பும். மாரடைப்பில் இப்படி ஆகிறது என்று நியூயார்க் மருத்துவர் ஹெரால்ட் பார்டி 1920-லேயே எழுதிவிட்டார்.

எவ்வளவு உயர்ந்தால் பிரச்னை? அடுத்தடுத்த இரண்டு லீட்களிலாவது 1 மி.மீ., அதாவது தாளில் ஒரு சின்னக் கட்டம். ஆனால் வி2, வி3 இரண்டுக்கும் அளவுகோல் வேறு. 40 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்களுக்கு 2 மி.மீ., 40-க்குக் கீழே உள்ள ஆண்களுக்கு 2.5 மி.மீ., பெண்களுக்கு 1.5 மி.மீ. வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ப ஏன் மாறுகிறது? ஆரோக்கியமான ஆட்களுக்கே அங்கே கோடு கொஞ்சம் உயர்ந்துதான் இருக்கும், இளம் ஆண்களுக்கு இன்னும் அதிகமாக.

அப்போ உயர்ந்ததெல்லாம் மாரடைப்பு இல்லையா?

இல்லை. அமெரிக்க விமானப் படையில் ஆரோக்கியமான 6,014 ஆண்களின் ஈ.சி.ஜி-யைப் பார்த்த ஒரு பழைய ஆய்வில், 91 சதவீதம் பேருக்கு நெஞ்சு லீட்களில் ஒன்றிலாவது 1 முதல் 3 மி.மீ. வரை எஸ்டி உயர்ந்திருந்தது. பத்தில் ஒன்பது பேர்! எனவே ஜிம்முக்குப் போகிற 28 வயது இளைஞரின் தாளில் கோடு உயர்ந்திருந்தால், அது அவருடைய உடம்பின் வழக்கமாகவே இருக்கலாம். 'எர்லி ரீபோலரைசேஷன்' என்று இதைச் சொல்வார்கள். இதில் கோடு கிண்ணம் மாதிரி கீழே வளைந்து, அப்படியே டி அலைக்குள் ஏறும். மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப எடுத்தாலும் பெரும்பாலும் மாறாது. (இளைஞர் என்பதாலேயே மாரடைப்பு வராது என்று இதற்கு அர்த்தம் இல்லை, அதையும் கையோடு சொல்லிவிடுகிறேன்.)

பல வருஷமாக பிபி இருப்பவர்களுக்கு இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்திருக்கும். அவர்களுக்கு மின் அலையே பெரிதாக வரும், கூடவே எஸ்டி பகுதியும் இழுபடும். மின்சாரம் போகும் இடது கிளைப் பாதையில் தடை இருந்தால், 'லெப்ட் பண்டில் பிராஞ்ச் பிளாக்' என்பார்கள், அதிலும் எஸ்டி தாறுமாறாக இருக்கும். ஒருகாலத்தில் நெஞ்சுவலியோடு இந்தத் தடை புதிதாகத் தெரிந்தாலே மாரடைப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். 2013-ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல், அதை மட்டும் வைத்து அப்படி முடிவு செய்ய வேண்டாம் என்றது. இந்தத் தடை இருக்கும்போது மாரடைப்பைக் கண்டுபிடிக்க 1996-ல் எலெனா ஸ்கார்போசாவும் அவருடைய குழுவும் ஒரு வழி சொன்னார்கள். இந்த நிலையில் பெரிய அலை மேலே போனால் எஸ்டி கீழே போவதுதான் வழக்கம். இரண்டும் சேர்ந்து ஒரே திசையில் போனால் சந்தேகப்படுங்கள் என்பதுதான் அதன் சாரம்.

இன்னும் உண்டு. கிட்னி செயலிழந்து, டயாலிசிஸைத் தவறவிட்டவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் டி அலை கூடாரம் மாதிரி கூர்மையாக, குறுகலாக எழும். எஸ்டி-யும் கூடவே உயரலாம். அவருக்கு உடனே வேண்டியது கால்சியம் ஊசியும் டயாலிசிஸும். பழைய மாரடைப்பில் தசை செத்து, அந்த இடம் பலூன் போலப் புடைத்தவருக்கு எஸ்டி உயர்ந்த நிலையிலேயே வருஷக்கணக்கில் நிற்கும். புருகாடா என்ற பரம்பரைப் பிரச்னையில் வி1, வி2-ல் கோடு விசித்திரமாக உயரும், காய்ச்சலின்போது இது பளிச்சென்று வெளியே வரும்.

டகோட்சுபோ கொஞ்சம் தனி ரகம். ஜப்பான் மருத்துவர்கள் 1990-ல் விவரித்தது. பெரிய அதிர்ச்சி அல்லது துக்கத்துக்குப் பிறகு, முக்கியமாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, இதயத்தின் கீழ்முனை திடீரென்று வேலை செய்யாமல் உப்பிவிடும். படத்தில் அது ஜப்பானியர்கள் ஆக்டோபஸ் பிடிக்கிற பானை மாதிரி தெரியும், பெயரும் அதுதான். வலி, ஈ.சி.ஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் மாரடைப்பு போலவே இருக்கும். தாளை மட்டும் வைத்து இதைப் பிரிப்பது அனுபவசாலிகளுக்கே கஷ்டம். ஆஞ்சியோகிராம் செய்து, அடைப்பு இல்லை என்று பார்த்தால்தான் உண்டு.

மாரடைப்பா, இதய உறை அழற்சியா?

உங்கள் வயதில் அதிகம் குழப்புவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். இதயத்தைச் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கிறது. பெரும்பாலும் ஒரு வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு அந்த உறையில் அழற்சி வரும். பெயர் பெரிகார்டைட்டிஸ். நெஞ்சுவலி வரும், எஸ்டி-யும் உயரும்.

டாக்டர் இங்கே நான்கு விஷயங்களைப் பார்க்கிறார். முதலாவது, எந்த இடத்தில் உயர்ந்திருக்கிறது? ரத்தக்குழாய் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஏரியா உண்டு. வலது குழாய் அடைத்தால் பெரும்பாலும் அடிப்பக்கத்தைப் பார்க்கும் 2, 3, ஏவிஎஃப்-ல் உயரும். இடது முன்குழாய் அடைத்தால் வி1 முதல் வி4 வரை. உறை இதயத்தை முழுவதும் சுற்றியிருப்பதால், அதன் அழற்சியில் முன்பக்கம், அடிப்பக்கம், பக்கவாட்டு என்று ஏறக்குறைய எல்லா இடத்திலும் உயரும். எந்த ஒரு குழாயின் வரைபடத்துக்குள்ளும் அது அடங்காது.

இரண்டாவது, எதிர்ப்பக்கம் என்ன சொல்கிறது? மாரடைப்பில் ஒரு பக்கம் உயர்ந்தால், எதிரில் இருந்து பார்க்கிற கேமராவில் அதே விஷயம் தாழ்வாகத் தெரியும். லீட் 3-ல் உயர்ந்து ஏவிஎல்-லில் தாழ்ந்திருந்தால் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். சில சமயம் லீட் 3-ல் உயர்வு சரியாகத் தெரிவதற்கு முன்பே ஏவிஎல்-லில் இந்தத் தாழ்வு வந்துவிடும். உறை அழற்சியில் ஏவிஆர், வி1 தவிர வேறு எங்கும் இப்படித் தாழ்வதில்லை. என்னைக் கேட்டால், இந்தத் தாளில் ஒரே ஒரு தடயத்தை நம்பலாம் என்றால் அது இந்த எதிர்ப்பக்கத் தாழ்வுதான்.

மூன்றாவது, வடிவம். கிண்ணம் மாதிரி கீழே வளைந்தால் கொஞ்சம் ஆறுதல், குன்று மாதிரி மேலே வளைந்தாலோ நேர்க்கோடாக ஏறினாலோ கவலை. ஆனால் மாரடைப்பின் ஆரம்பத்தில் கிண்ண வடிவமும் வரும், அதனால் இதை மட்டும் நம்பி யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. உறை அழற்சியில் இன்னொரு சின்ன அடையாளம், எஸ்டி-க்கு முன்னால் வரும் 'பிஆர்' பகுதி கீழே இறங்கியிருப்பது.

நான்காவது, நீங்கள். மூச்சை இழுத்தால் குத்துகிறதா? மல்லாந்து படுத்தால் அதிகமாகி, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறைகிறதா? போன வாரம் காய்ச்சல் இருந்ததா? இதெல்லாம் ஆமாம் என்றால் உறை அழற்சியின் பக்கம் சாய்வார். நெஞ்சில் பாறையை வைத்த மாதிரி அழுத்தம், வியர்வை, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி என்றால் மறுபக்கம். அவர் கேட்கும்போது 'லேசாத்தான் இருக்கு சார்' என்று மழுப்பாதீர்கள். அந்தப் பதிலும் தாளின் ஒரு பகுதிதான்.

ரத்தத்தில் ட்ரோபோனின் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். இதயத் தசை காயப்பட்டால் கசிகிற புரதம் அது. ஆனால் அழற்சி உறையிலிருந்து தசைக்குப் பரவினாலும் அது ஏறும். மேலும், தெளிவான மாரடைப்பு என்றால் அந்த ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கவே கூடாது, அவ்வளவு நேரம் கிடையாது. குழப்பமான கேஸில் எக்கோ உதவும். ஒரு பகுதிச் சுவர் மட்டும் அசையாமல் இருந்தால் மாரடைப்பின் மேல் சந்தேகம் கூடும்.

தப்பாகப் படித்தால் என்ன ஆகும்?

குழாய் அடைத்த மாரடைப்புக்கு இரண்டு வழி. கேத் லேப் பக்கத்தில் இருந்தால் ஆஞ்சியோபிளாஸ்டி. 120 நிமிஷத்துக்குள் அது முடியாது என்றால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி, வலி தொடங்கி 12 மணி நேரத்துக்குள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு தசை பிழைக்கும். டெனெக்டிபிளேஸ், ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்று டாக்டர்கள் பேசிக்கொள்வது இந்த ஊசிகளைத்தான்.

கட்டியைக் கரைக்கும் மருந்து உடம்பில் எங்கே ரத்தக் கசிவு இருந்தாலும் அதை அதிகப்படுத்தும். மூளைக்குள் கசியும் அபாயம் உண்டு. உறை அழற்சிக்குத் தவறாகப் போட்டால் உறைக்குள் ரத்தம் தேங்கி இதயத்தையே அழுத்தலாம். நெஞ்சுவலிக்குக் காரணம் மகாதமனியின் சுவர் கிழிந்ததாக இருந்தால், இந்த ஊசி பேரழிவு. அதனால்தான் டாக்டர் அந்த இரண்டு நிமிஷம் எடுத்துக்கொள்கிறார்.

கேத் லேப் இருக்கும் ஊரில் இந்த அபாயம் குறைவு, ஆஞ்சியோகிராமே உண்மையைச் சொல்லிவிடும். அமெரிக்காவின் மினியாபொலிஸில் மாரடைப்பு என்று கேத் லேபுக்கு அழைத்துப்போன 1,335 பேரை ஆராய்ந்து 2007-ல் ஒரு ஆய்வு வெளியானது. அதில் 14 சதவீதம் பேருக்கு மாரடைப்புக்குக் காரணமான அடைப்பு எதுவும் இல்லை. இதைக் கேட்டால் 'சும்மாவே ஆஞ்சியோ பண்ணிடறாங்க' என்று கோபம் வரும். எனக்கு இது அப்படித் தெரியவில்லை. உண்மையான அடைப்பு ஒன்றைக்கூட விட்டுவிடக் கூடாது என்றால், கொஞ்சம் தவறான அலாரத்தைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

'ஈ.சி.ஜி நார்மல், வீட்டுக்குப் போங்க'

இதுதான் இன்னும் ஆபத்தான வாக்கியம். ஈ.சி.ஜி என்பது பத்து நொடிப் பதிவு. ரத்தக்குழாயில் கட்டி உருவாவதும், கொஞ்சம் விலகுவதும், மறுபடி அடைப்பதும் மணிக்கணக்கில் நடக்கிற கதை. நீங்கள் ஒரு காட்சியை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். வலி தொடர்ந்தால் 15 முதல் 30 நிமிஷத்துக்கு ஒருமுறை ஈ.சி.ஜி-யைத் திரும்ப எடுக்க வேண்டும், ட்ரோபோனினையும் சில மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பார்க்க வேண்டும். வலி ஆரம்பித்த உடனே எடுத்த ஒரே ஒரு ட்ரோபோனின் நார்மல் என்பதற்கும் பெரிய மதிப்பு இல்லை.

சில மாரடைப்புகளில் கோடு உயரவே உயராது. குழாய் பாதி அடைத்த வகைகளில் எஸ்டி தாழலாம், ஒன்றுமே மாறாமலும் இருக்கலாம். இதயத்தின் பின்பக்கச் சுவரை நேராகப் பார்க்க வழக்கமான பன்னிரண்டு லீட்களில் ஒன்றுகூட இல்லை. அங்கே அடைத்தால் முன்பக்க வி1 முதல் வி3 வரை தாழ்வுதான் தெரியும், கண்ணாடியில் தலைகீழாகப் பார்ப்பது மாதிரி. சந்தேகம் வந்தால் முதுகுப் பக்கம் மின்முனையை நகர்த்தி ஒட்டி இன்னொன்று எடுப்பார்கள். வெல்லன்ஸ், டி விண்டர் என்று நெதர்லாந்து மருத்துவர்கள் இருவரின் பெயரில் அழைக்கப்படும் வடிவங்களும் இப்படித்தான். எஸ்டி உயர்ந்திருக்காது, ஆனால் இடது முன்குழாயில் பெரிய ஆபத்து இருக்கும். வெல்லன்ஸ் வடிவம் வலி நின்ற பிறகுதான் தெரியும், நோயாளி 'இப்போ பரவால்ல டாக்டர்' என்று கிளம்பத் தயாராகிற நேரத்தில்.

சுகர் இருப்பவர்களுக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் வலியே தெளிவாக இருக்காது. மூச்சுத் திணறல், குமட்டல், காரணமில்லாத களைப்பு மட்டும் இருக்கலாம். அம்மா 'என்னமோ ஒரு மாதிரி இருக்கு' என்று போனில் சொன்னால் அதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மெஷின் அடிக்கும் வரியும் வாட்ச் காட்டும் கோடும்

தாளின் மேலே மெஷின் அடிக்கும் வாக்கியத்துக்கு உங்கள் வலி தெரியாது, உங்கள் பழைய ஈ.சி.ஜி தெரியாது. ஒயரை மாற்றி ஒட்டினால்கூடச் சில சமயம் தெரியாது. வலது கை, இடது கை ஒயர்கள் மாறிப்போவதும், நெஞ்சு மின்முனைகளைக் கொஞ்சம் மேலே ஒட்டிவிடுவதும் அன்றாடம் நடப்பதுதான். இல்லாத நோயை அது தாளில் கொண்டுவந்துவிடும்.

ஸ்மார்ட் வாட்ச் எடுப்பது ஒரே ஒரு லீட். துடிப்பு ஒழுங்கில்லாமல் இருப்பதைக் கண்டுபிடிக்க அது பயன்படும். மாரடைப்பைக் கண்டுபிடிக்காது, ஆப்பிள் நிறுவனமே அப்படித்தான் சொல்கிறது. நெஞ்சுவலி இருக்கும்போது வாட்ச்சில் 'நார்மல்' என்று வந்ததை வைத்துத் தூங்கப் போவது பெரிய தப்பு.

இந்தியாவில் பிரச்னை எங்கே?

படிப்பதில் இருக்கிற சிக்கலைவிட, தாள் டாக்டர் கைக்கு வருவதற்கு ஆகும் நேரம்தான் இங்கே பெரிய எதிரி. இந்தியாவின் 89 மையங்களில் 20,000-க்கும் அதிகமான நோயாளிகளைப் பதிவு செய்த கிரியேட் ஆய்வு 2008-ல் லான்செட் இதழில் வந்தது. சுமார் 60 சதவீதம் பேருக்கு எஸ்டி உயர்ந்த வகை மாரடைப்பு. அறிகுறி தொடங்கி ஆஸ்பத்திரிக்கு வர எடுத்த இடைநிலை நேரம் 6 மணி நேரம்.

சின்ன ஆஸ்பத்திரியில் எடுக்கும் ஈ.சி.ஜி-யைப் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கும் இதய நிபுணர் உடனே பார்த்துச் சொல்லும் ஏற்பாடு தமிழ்நாட்டில் சோதிக்கப்பட்டது. 2,420 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வின் முடிவு 2017-ல் வெளியானது. ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. கர்நாடகாவில் நடிகர் புனித் ராஜ்குமார் 2021-ல் 46 வயதில் இறந்த பிறகு, அவர் பெயரில் வந்த ஹிருதய ஜோதி திட்டமும் இதே மாதிரிதான்: தாலுகா ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி, தூரத்திலிருந்து நிபுணரின் கருத்து, தேவைப்பட்டால் அங்கேயே டெனெக்டிபிளேஸ் இலவசமாக.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

பழைய ஈ.சி.ஜி கேள்விக்கு வருவோம். கம்பெனி ஹெல்த் செக்கப்பில் எடுத்த ஈ.சி.ஜி எங்கேயாவது ஃபைலில் கிடக்கும். இன்றைக்கே தேடி எடுத்து, பன்னிரண்டு லீட்களும் தேதியும் தெளிவாகத் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து போனில் வையுங்கள். அது வெப்பத்தில் அச்சாகும் தாள், நாளாக ஆக எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். அப்பா, அம்மாவுடையதையும் எடுத்து வையுங்கள். நீங்கள் வேறு ஊரில் இருந்தால் இன்னும் முக்கியம். ஐந்து வருஷமாக அப்படியே இருக்கிற எஸ்டி உயர்வும், இன்றைக்குப் புதிதாக வந்த எஸ்டி உயர்வும் ஒன்றல்ல. டாக்டருக்கு அந்த வித்தியாசத்தைக் காட்ட அந்த ஒரு போட்டோ போதும்.

வலி வந்தால் ஈ.சி.ஜி வசதி உள்ள இடத்துக்குப் போங்கள், நீங்களே வண்டி ஓட்டாமல், 108-ஐக் கூப்பிட்டு. உள்ளே போனதும் "நெஞ்சு வலி, இத்தனை மணிக்கு ஆரம்பிச்சது" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வந்து பத்து நிமிஷத்துக்குள் ஈ.சி.ஜி எடுக்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல், பில்லிங் கவுன்டர் வரிசையில் நின்று அதை இழக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் தெரிந்த டாக்டர் நண்பருக்கு அனுப்பிவிட்டு வீட்டில் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம், அனுப்புவதென்றால் ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டே அனுப்புங்கள். 'நார்மல்' என்று சொல்லி அனுப்பும்போது வலி இன்னும் இருந்தால், கூச்சப்படாமல் கேளுங்கள்: "இன்னொரு ஈ.சி.ஜி எடுத்துப் பார்க்கலாமா? ட்ரோபோனின் எப்போ ரிபீட் பண்ணுவீங்க?"